இருபத்தைந்தாவது மேடை எங்கே?

மார்கழி நெருங்குகிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா வாசல்களில் இனிப் பந்தல்கால் நடுவார்கள். எந்த சபா கான்டீன் இந்த வருஷம் யார் கையில் என்ற பேச்சு, எந்தப் பாடகருக்கு எந்த நேரம் என்ற பேச்சோடு சேர்ந்தே கிளம்பும். யுனெஸ்கோ 2017-ல் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. ஆனால் சீசன் அட்டவணைகள் கைக்கு வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பென்சிலை எடுத்து, தமிழ் நாடகத்துக்கு ஒதுக்கிய மாலைகளை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள். பென்சிலுக்கு அதிகம் வேலை இருக்காது.

இந்த நகரத்தில் தமிழ் மேடை நாடகம் அபாயக் கட்டத்துக்கு வந்துவிட்டது. வழக்கமான புலம்பல் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நடிக்கத் துடிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களும் அடியோடு மறைந்துவிடவில்லை. தொலைந்துபோனது ஒன்றுதான்: போட்ட நாடகத்தைத் திரும்பப் போடும் வழி. அது இல்லாமல் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

சில மாதங்களுக்கு முன் நகரத்தின் ஓர் அரங்கில் புது நாடகம் ஒன்றைப் பார்த்தோம். ஏழு மணிக்கு மணியடிக்க வேண்டும். கதாநாயகன் ஆறே முக்காலுக்கு ஹெல்மெட்டைக் கழற்றியபடி பக்கவாட்டுக் கதவில் நுழைந்தார். தரமணியில் வேலை, வழியெல்லாம் நெரிசல். மேக்கப் கலைஞர் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். முப்பது வயதுக்காரரின் காதோரத்தில் நரையை ஏற்ற அவருக்குக் கிடைத்தது பத்தே நிமிஷம். பகல் முழுவதும் அரங்கில் வேறு ஏதோ நிகழ்ச்சி. நாலு மணிக்கு மேல்தான் செட்டை உள்ளே விட்டார்களாம். விளக்குகளைப் பொருத்திப் பார்க்க நேரமில்லை. முதல் காட்சியில் அப்பா பேசிய முக்கியமான வசனம் இருட்டுக்குள் நடந்தது. வெளிச்சம் அவருக்கு இரண்டடி தள்ளி, ஒரு காலி நாற்காலி மேல் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாம் காட்சியில் அருமையான நகைச்சுவை ஒன்று வந்தது. கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. நடிகர் காத்திருக்கவில்லை, அடுத்த வரியை அந்தச் சிரிப்பின் மேலேயே பேசிவிட்டார். கதையின் முடிச்சே அந்த வரியில்தான் இருந்தது. பாதிப் பேர் காதில் அது விழவில்லை. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டோம். எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பது ஒத்திகை அறையில் தெரியாது. ஐந்தாவது மேடையில் தெரியும். பத்தாவது மேடையில் அரை விநாடி நிறுத்தப் பழகும். இருபத்தைந்தாவது மேடையில் அந்த அரை விநாடியே நடிப்பாகிவிடும்.

நாடகம் முடிந்ததும் இயக்குநரிடம் அடுத்த காட்சி எப்போது என்று கேட்டோம். "இது ரெண்டாவது சார். மூணாவதுக்கு ஹால் கிடைக்கணும், காசும் சேரணும்" என்றார். அவர் பின்னால், வீட்டு வாசலாக நின்ற கதவுச் சட்டத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நண்பர் ஒருவரின் கார் ஷெட்டில் சாத்தி வைப்பார்களாம்.

இருபத்தைந்து மேடை என்பது ஒரு காலத்தில் பெரிய சாதனையே அல்ல. சபாக்கள் ஆண்டுச் சந்தா வாங்கி நடந்தன. சந்தா கட்டியவருக்கு மாதாமாதம் நிகழ்ச்சி தருவது சபாவின் கடமை. அதில் நாடகமும் இருக்கும். குழுவுக்கு ஒரு தொகையைப் பேசி சபா கொடுத்துவிடும். டிக்கெட் விற்கிற கவலை குழுவுக்குக் கிடையாது. ஒரு சபாவில் நாடகம் எடுபட்டால் அடுத்த சபாவின் செயலாளர் தேதி கேட்டு வருவார். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மாம்பலம், பெரம்பூர், குரோம்பேட்டை என்று ஒரு சுற்று வருவதற்குள் நாடகத்தின் தொய்வுகள் எல்லாம் உதிர்ந்திருக்கும். பிறகு திருச்சி, கோவை என்று வெளியூர். அதன் பிறகு பம்பாய், டில்லித் தமிழர்கள் கூப்பிடுவார்கள்.

இந்தச் சுற்றை ஓட்டியவர்களில் பலர் முழுநேரக் கலைஞர்கள்கூட அல்ல. கே. பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' நாடகங்களை மேடையேற்றினார். பூர்ணம் விஸ்வநாதன் வானொலிக்காரர். சோ வக்கீல். கிரேசி மோகன் கிண்டியில் படித்த பொறியாளர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. வயிற்றுவலிக்காரராகச் சில நிமிஷம் வந்து போன ஒரு சின்ன வேஷத்துக்கு எம்.ஜி.ஆர். கையால் பரிசு வாங்கியதிலிருந்துதான் அவர் கதை தொடங்குகிறது. அலுவலகம் விட்டதும் நேரே அரங்குக்கு வருகிற நடிகர், அதே போல் நேரே வருகிற ரசிகர். நகரத்தின் வேலை நேரமும் நாடகத்தின் நேரமும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தன.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததல்ல. நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில், 1891-ல், பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவைத் தொடங்கி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் அரிதாரம் பூச வைத்தார். விக்டோரியா பொது மண்டபத்தில் அவர்கள் நாடகம் நடந்தது. மறுபுறம் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றின. வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகையில் விடிய விடிய நாடகம் ஓடியது. பிற்பாடு அந்தக் கொட்டகை சினிமா தியேட்டர் ஆனது. இந்த மாநிலத்தை ஆண்டவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவும் கருணாநிதியும் நாடகம் எழுதினார்கள், நடிக்கவும் செய்தார்கள். எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். ஜெயலலிதா ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. நாடகக் குழுவின் மேடையில் நடித்தவர். மேடை ஏறியவர்களை முதலமைச்சர் நாற்காலியில் தொடர்ந்து உட்கார வைத்த ஒரு மாநிலத்தின் தலைநகரில், இன்று ஒரு நாடகத்துக்கு மூன்றாவது மேடை கிடைப்பது திண்டாட்டம்.

மேடையின் செல்வாக்கு அரசியலோடு நிற்கவில்லை. 1968-ல் சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகம் ஆளுகிறவர்களையும் ஆளப்படுகிறவர்களையும் ஒரே மூச்சில் கேலி செய்தது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980-ல் ஒரு வறண்ட கிராமத்தின் தாகத்தைச் சபா நாற்காலிகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. மறு ஆண்டே பாலசந்தர் அதைப் படமாக்கினார். ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் புராணக் கதைகளைத் தந்திரக் காட்சிகளோடு காட்டிக் குழந்தைகளை வாய் பிளக்க வைத்தது. இவை ஒவ்வொன்றும் பல மேடை கண்டு பக்குவப்பட்டவை. இரண்டோடு நின்றிருந்தால் இவற்றின் பெயரை இன்று நாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

பிறகு என்ன ஆயிற்று? தொலைக்காட்சி என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். 1975-ல் சென்னை தூர்தர்ஷன் வந்தது, 1993-ல் சன் டிவி வந்தது, மெகா தொடர்கள் மாலைப் பொழுதைப் பிடித்துக்கொண்டன. உண்மைதான். ஆனால் தொலைக்காட்சி சென்னைக்கு மட்டுமா வந்தது? மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் வந்தது. அங்கே மராத்தி, வங்காள, கன்னட மேடைகள் அடிபட்டாலும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் சந்தா குறையக் குறைய சபாக்கள் நாடகத்தை முதலில் வெட்டின. டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து வருகிற ரசிகரும் விளம்பரதாரரும் இசைக்கும் நடனத்துக்கும்தான் பணம் வைத்திருந்தார்கள். மின் கட்டணமும் சொத்து வரியும் ஏறின. சபாக்களின் கஷ்டம் புரியாமல் இல்லை. ஆனால் முடிவு என்னவென்றால், நாடகத்துக்குப் புரவலராக இருந்த சபா அதற்கு வீட்டுக்காரர் ஆகிவிட்டது. முன்பு சபா குழுவுக்குப் பணம் கொடுத்தது. இப்போது குழு சபாவுக்கு வாடகை கொடுக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். டிக்கெட் 300 ரூபாய். நூற்றைம்பது பேர் வருகிறார்கள். வசூல் 45,000 ரூபாய். ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, எனவே வரியின் மேல் பழி போட முடியாது. இந்த 45,000-க்குள் அரங்க வாடகை, ஒலி, ஒளி, செட், வண்டிக் கூலி, மேக்கப், ஒத்திகை இடம், பத்துப் பதினைந்து பேருக்கு டிபன், காபி எல்லாம் அடங்க வேண்டும். நடிகருக்குப் பெட்ரோல் காசு மிஞ்சினால் அதிர்ஷ்டம். இதே நாடகத்தை ஆயிரம் இருக்கை உள்ள பெரிய அரங்கில் போட்டால் வாடகை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதோடு, ஆயிரம் நாற்காலிக்கு நடுவே நூற்றைம்பது தலை தெரியும்போது நடிகருக்குக் குரலே எழும்பாது. அதே நூற்றைம்பது பேர் இருநூறு இருக்கை அரங்கில் உட்கார்ந்தால் அது நிறைந்த சபை. நல்ல விளக்கோடு, தாங்கக்கூடிய வாடகையில், பஸ்ஸும் ரயிலும் போகிற இடத்தில், நாடகத்துக்கென்றே அந்த அளவில் அரங்கு வேண்டும் என்று குழுக்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

பெங்களூரில் அது நடந்திருக்கிறது. நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று எழுப்பிய ரங்க சங்கரா 2004-ல் திறந்தது. முந்நூறு சொச்சம் இருக்கைகள். திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் நாடகம். மணியடித்த பிறகு வருகிறவர் யாராக இருந்தாலும் கதவு திறக்காது. மும்பை ஜுஹுவில் பிருத்வி தியேட்டர் 1978 முதல் இருநூறு பேர் அமரும் அரங்கில் அதே காரியத்தைச் செய்கிறது. கர்நாடக அரசு 1989-ல் மைசூரில் ரங்காயணாவை பி.வி. காரந்த் தலைமையில் தொடங்கியது. நடிப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு குழுவை அரசே பராமரிக்கிறது. தமிழ்நாட்டில் கலைமாமணி விருது இருக்கிறது. வருஷம் முழுவதும் நாடகம் போடும் அரசுக் குழு இல்லை. பொன்னாடை போர்த்துவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை; அரங்கு கட்டுவதில்தான் கை இழுக்கிறது.

இதில் நாடகக்காரர்களும் தங்கள் பங்குக்குத் தவறியிருக்கிறார்கள். தொலைக்காட்சியோடு போட்டி போடுகிறோம் என்று துணுக்குகளைத் தோரணம் கட்டி அதற்கு நாடகம் என்று பெயர் வைத்த ஒரு கட்டம் இருந்தது. சிரித்துவிட்டுப் போன ரசிகருக்கு மறுநாள் கதை நினைவில்லை. மறுபடி வரக் காரணமும் இல்லை. நவீன நாடகக்காரர்கள் சபா நாடகத்தை ஏளனம் செய்துவிட்டு, தமக்குத் தெரிந்த நூறு பேருக்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். 'சுபமங்களா' இதழின் ஆசிரியராக இருந்த காலத்தில் கோமல் நாடக விழாக்கள் நடத்தி இந்த இரு தரப்புக்கும் இடையே ஒரு பாலம் போட முயன்றார். 1995-ல் அவர் மறைந்த பிறகு அந்தப் பாலத்தைப் பராமரிக்க ஆள் இல்லை.

சினிமாவுக்கும் இதில் கடன் உண்டு. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் உடலையும் குரலையும் பழக்கிக்கொண்ட பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்களைத் திரையில் பார்த்து நாம் கை தட்டுகிறோம். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர். நாற்றங்காலில் பிடுங்கிய பயிரால் வயல் செழிக்கிறது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்ற எண்ணம் வயல்காரருக்கு வரவில்லை. நாற்றங்கால் காய்ந்தால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வார்கள்?

நடிகர்களைவிட வேகமாக மறைந்துகொண்டிருப்பவர்கள் மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள். படுதா எழுதுகிறவர், அரை மணியில் அரண்மனையை அடுக்களையாக்குகிற செட் ஆள், வசனம் மறந்த நடிகரைப் பக்கவாட்டிலிருந்து அடி எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றுகிறவர், ஒரே வண்ணக் கண்ணாடித் தாளை வைத்து விடியலையும் அந்தியையும் காட்டத் தெரிந்த விளக்குக்காரர். இவர்கள் வித்தை புத்தகத்தில் இல்லை. கூட இருந்து பார்த்துக் கற்பது. மாதத்துக்கு ஒரு நாடகம்கூட இல்லாத இடத்தில் கூட இருந்து கற்க யார் வருவார்கள்? நாடகப் பிரதிகளின் கதியும் இதுதான். அச்சேறியவை கொஞ்சம். மற்றவை தட்டச்சுத் தாள்களாக எழுதியவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வீடு இடியும்போது அவையும் போகும்.

செய்ய வேண்டியவை ஆகாத காரியங்கள் அல்ல. பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்த விக்டோரியா பொது மண்டபத்தைப் புதுப்பிக்க மாநகராட்சி பெரும் பணம் போட்டிருக்கிறது. நல்ல காரியம். அது பார்த்துவிட்டுப் போகும் பழம்பொருளாக நின்றுவிடக் கூடாது. பம்மல் முதலியார் நின்ற இடத்தில் வாரந்தோறும் தமிழ் நாடகம் நடக்க வேண்டும். எழும்பூரில் 1896-ல் கட்டிய மியூசியம் தியேட்டர் அரசின் கையில் இருக்கிறது. கலைவாணர் அரங்கமும் அரசின் கையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் சட்டமன்றமே அங்கே கூடியது. சட்டமன்றத்துக்கு இடம் தந்த அரங்கு நாடகத்துக்கும் தரலாம். இவற்றில் தமிழ் நாடகத்துக்கென்று மாதத்தில் சில நாட்களைக் குறைந்த வாடகைக்கு நிரந்தரமாக ஒதுக்க அரசாணை ஒன்று போதும். நாடகம் நடக்கும் நாளில் காலையிலிருந்தே மேடையைக் குழுவிடம் விட வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். ஒளி விழ வேண்டிய இடத்தில் விழுவதற்கு அந்த ஆறு மணி நேரம் தேவை.

மாநகராட்சியின் சமூக நலக்கூடங்கள் முகூர்த்தமில்லாத நாட்களில் சும்மா கிடக்கின்றன. மண்டலத்துக்கு ஒன்றை எடுத்து, கறுப்புத் திரையும் பத்து விளக்கும் இருநூறு நாற்காலியும் போட்டால் அது அரங்கு. அண்ணா நகர்க்காரரும் வேளச்சேரிக்காரரும் நாடகம் பார்க்க மயிலாப்பூர் வரை வர வேண்டியதில்லை. தரமணியில் வேலை முடிக்கிற இளைஞருக்கு ஏழு மணி நாடகம் பகல் கனவு. அவருக்கு அருகிலேயே எட்டரைக்கு ஒன்று இருந்தால் வருவார். அன்று ஏ.ஜி. அலுவலகமும் ரயில்வேயும் ஊழியர்களின் நாடகங்களுக்கு இடம் கொடுத்தன. இன்று ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்கு வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனங்கள் அதில் பாதியாவது செய்யலாம்.

சபாக்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். டிசம்பரில் ஈட்டுவதில் ஒரு பங்கை மற்ற மாதங்களின் நாடகத்துக்குத் திருப்புங்கள். பத்து சபாக்கள் கூடிப் பேசி, வருஷத்துக்கு நான்கு நல்ல நாடகங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் பத்து இடத்திலும் போட்டால் பழைய சுற்று மறுபடி ஓடத் தொடங்கும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் ஆண்டுதோறும் கோடை நாடக விழா நடத்திப் புது நாடகங்களை மேடையேற்றுவது பாராட்டுக்குரியது. அங்கே பிறக்கிற பிள்ளைகளை மற்ற சபாக்கள் வளர்த்தால் என்ன?

நாடகக் குழுக்களும் மணிக்கு நாடகத்தைத் தொடங்கட்டும். நடுவில் நாடகத்தை நிறுத்திப் பிரமுகரைப் பேச வைக்கும் வழக்கத்தை விடட்டும். பத்திரிகைகள், நம்மையும் சேர்த்து, வெளியாகிற ஒவ்வொரு படத்துக்கும் விமர்சனம் எழுதுகின்றன. நாடகத்துக்கு 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஒற்றை வரி தருகின்றன. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்: இலவச பாஸ் கேட்காதீர்கள். ஒரு சினிமாவுக்குப் பாப்கார்னோடு செலவழிப்பதில் பாதி போதும், ஒரு நாடகத்துக்கு.

நாம் பார்த்த அந்த நாடகத்தில் குறைகள் இருந்தன. ஆனால் கடைசிக் காட்சியில், வீட்டை விட்டுப் போகிற மகள் அந்தக் கதவுச் சட்டத்தில் கை வைத்து ஒரு கணம் நின்றபோது, அரங்கில் ஒரு செல்போன்கூட ஒளிரவில்லை. இன்னும் இருபத்து மூன்று மேடை கிடைத்தால் அது இந்த நகரம் பேசுகிற நாடகமாகும். கதவுச் சட்டம் கார் ஷெட்டில் காத்திருக்கிறது. ஒட்டுப்பலகை மழைக்கு அதிக நாள் தாங்காது.